நன்செய் நெற்றி, புன்செய் கன்னம்

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் சித்தி மகன் ஒரு துணிக்கடைப் பையோடு வந்து நின்றான். பையைக் கவிழ்த்ததும் ஐந்து டியூபும் டப்பாவும் மேசையில் உருண்டன. "இதுல எதைக்கா பகல்ல போடறது? எதைப் போட்டாலும் பன்னெண்டு மணிக்கு மூஞ்சில அப்பளம் பொரிக்கலாம்."

நான் க்ரீம், லோஷன் தயாரிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தோல் மருத்துவர் இல்லை. எனவே இதில் மருந்து பற்றிய முடிவுகள் எல்லாம் மருத்துவர் எடுத்தவை. அவற்றுக்குப் பக்கத்தில் எதைப் பூசுவது, எங்கே பூசுவது, எவ்வளவு பூசுவது என்பது மட்டும் நானும் அவனுமாக இரண்டு மாதம் பார்த்த வேலை.

ஆளுக்கு வயது 24. வீடு குரோம்பேட்டை. மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்கிற வேலை. திங்கள், புதன், வெள்ளி பைக்கில் அம்பத்தூர், பூந்தமல்லி, திருமழிசை என்று அலைவான். செவ்வாய், வியாழன், சனி கிண்டி அலுவலகத்தில் 22 டிகிரி ஏ.சி.க்கு நேர் கீழே நாற்காலி. மார்ச்சில் பருவுக்காக மருத்துவரைப் பார்த்திருக்கிறான். இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். இரண்டே வாரத்தில் வாயோரம் தோல் உரிந்து, சிரித்தால் எரிந்து, இரண்டையும் நிறுத்திவிட்டான். சித்தியின் நீல டவல் ஒன்று திட்டுத்திட்டாக வெளுத்ததும் அந்த இரண்டு வாரத்தில்தான். பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

"கூடவே ஒரு மாய்ஸ்சரைசர் போட்டுக்கோங்க" என்று மருத்துவர் சொன்னது இவன் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. "எண்ணெய் வழியிற மூஞ்சிக்கு எதுக்குக்கா இன்னும் பசை?"

நியாயமான கேள்விதான். நெற்றியில் மின்னுவது சீபம். ட்ரைகிளிசரைடு, மெழுகு எஸ்டர், ஸ்குவாலீன் எல்லாம் கலந்த எண்ணெய்ப் பொருள். மயிர்க்காலுக்குப் பக்கத்துச் சுரப்பியிலிருந்து வருகிறது. தோலின் மேலடுக்கில் நீரைப் பிடித்து வைப்பது வேறு கூட்டம்: செல்களுக்கு நடுவே சுண்ணாம்புக் காரைபோல நிற்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். செல்களுக்கு உள்ளே அமினோ அமிலம், லாக்டேட், யூரியா. சுவர்மேல் எண்ணெய் வழிந்தால் உள்ளே காரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இவன் முகத்தில் மேலே எண்ணெய், அடியில் காரை பெயர்ந்த நிலை. அடாபலீன் முதல் சில வாரங்களில் இப்படி உலர்த்தி உரிப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்த வாரங்களைத் தாண்ட முடியாததால்தான் பாதிப் பேர் பரு மருந்தை விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதலில் அந்த ஐந்தையும் பார்த்தோம்.

ஒன்று, பச்சை நிறக் கற்றாழை ஜெல். வாசனையும் நிறமும் சேர்த்தது. தண்ணீரை கார்போமர் என்ற பாலிமரால் கெட்டியாக்கியிருக்கிறார்கள். பூசியதும் சில்லென்று இருக்கும். காய்ந்ததும் வடித்த கஞ்சி காய்ந்ததுபோலத் தோலை இழுக்கும் ஒரு படலம். அந்த இழுப்பை "எண்ணெயை எடுக்குது" என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு, சித்தியின் கோல்ட் க்ரீம். இதன் மூலச் சரக்கு 2ஆம் நூற்றாண்டில் காலென் என்ற கிரேக்க மருத்துவர் பெயரில் வழங்கிவரும் கலவை: ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர். இன்று ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் மினரல் ஆயில். பனிக்கும் குளிருக்கும் செய்தது. சித்திரை மாதத்துச் சென்னைக்கு இல்லை. நம் பாட்டிமார் காலத்தில் இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. பகலில் "ஸ்னோ", இரவில் கோல்ட் க்ரீம். பம்பாயில் 1919இல் வந்த ஆப்கன் ஸ்னோ அந்தப் பெயரை வீட்டுப் பெயராக்கியது. பாண்ட்ஸ் நிறுவனமும் பகலுக்கு வானிஷிங் க்ரீம், இரவுக்கு கோல்ட் க்ரீம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜோடியாக விளம்பரம் செய்தது. ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் ஒரு பகுதியை மட்டும் காரத்தால் சோப்பாக்கி, அதிலேயே மீதியைத் தண்ணீரோடு கலந்தால் வானிஷிங் க்ரீம். தண்ணீர் ஆவியானதும் மினுக்கம் இல்லாத மெல்லிய படலம் நிற்கும். "பூசினால் மறைந்துவிடும்" என்பதுதான் பெயரே. பகல் க்ரீம் என்ற எண்ணம் புதிது இல்லை, பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

மூன்று, "ஆயில் ஃப்ரீ" என்று பெரிதாக எழுதிய லோஷன். பட்டியலில் மூன்றாவது இடத்தில் ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட். கடையில் புட்டியில் விற்கும் எண்ணெய் இல்லைதான். ஆனால் முயல் காதில் பூசிப் பார்த்த பழைய சோதனைகளில் துளைகளை அடைப்பதில் பேர் வாங்கிய எஸ்டர் அது. முயல் காது மனித முகம் இல்லை, அந்தச் சோதனைகளை நான் வேதவாக்காக எடுப்பதும் இல்லை. ஆனால் ஏற்கெனவே பரு உள்ள நெற்றியில் அதை மூன்றாம் இடத்தில் வைத்துப் பரிசோதிக்கத் தேவையில்லை. துளையை அடைக்காது என்று சொல்லும் "நான்-காமெடோஜெனிக்" முத்திரைக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட அந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை வைத்திருக்கவில்லை.

லேபிள் படிக்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நம் நாட்டு 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிற குங்குமப்பூ, முத்துப் பொடி, ஆர்கான் எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் சாஸ்திரத்துக்குத் தெளித்தவை. பார்க்க வேண்டியது முதல் ஐந்தாறு பெயரை.

நான்கு, 10 சதவீத நியாசினமைடு சீரம். நியாசினமைடு வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம், நல்ல சரக்கு. சீபத்தின் அளவைக் குறைப்பது பற்றி 2006இல் வெளிவந்த ஆய்வில் பயன்படுத்தியது 2 சதவீதம்தான். இந்த 10, 12, 15 எல்லாம் விற்பனைப் போட்டியில் ஏறிய எண்கள். உரிந்துபோன வாயோரத்தில் 10 சதவீதத்தைத் தேய்த்தால் எரியாமல் என்ன செய்யும்?

ஐந்தாவதைக் கையில் எடுத்ததும் பேச்சு நின்றுவிட்டது. சின்ன அலுமினிய டியூப். "பரு தழும்புக்குப் போடுங்க, மூஞ்சி பளிச்சுனு ஆகும்" என்று மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்தது. உள்ளே மொமெடசோன் என்ற ஸ்டீராய்டு, நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், அடாபலீன் இனத்து ட்ரெட்டினாயின்.

"இது மாய்ஸ்சரைசர் இல்லடா. ஸ்டீராய்டு."

"ஒன்பது நாள்தான்கா போட்டேன். அதுலதான் மூஞ்சி நல்லா இருந்துச்சு."

நன்றாகத்தான் இருக்கும். அதுதான் அதன் ஆபத்து. சிவப்பை அமுக்கும், நிறத்தைக் குறைக்கும். பழகியபின் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்தினால் பருவும் எரிச்சலும் கூட்டமாக வரும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இப்படிச் சீரழிந்த முகத்துக்கென்றே தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு இங்கே பரவிக் கிடக்கிறது. 2018இல் மொமெடசோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு க்ரீம்கள் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டன. சேர்த்த பிறகும் இப்படி ஒரு டியூப் துணிக்கடைப் பையில் வந்து விழுகிறது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனான். அவர் அதை நிறுத்தச் சொல்லி, பென்சாயில் பெராக்சைடையும் தற்காலிகமாக நிறுத்தி, அடாபலீனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றினார். நெற்றியில் வரிசையாகக் கிளம்பிய சின்னப் பொரிகளைப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "தலைக்கு என்ன வைக்கிறீங்க?"

தேங்காய் எண்ணெய். தினமும். அதன்மேல் ஹெல்மெட். வெயிலில் எண்ணெய் உருகி நெற்றிக்கு இறங்கும், ஹெல்மெட்டின் பஞ்சு அதை அங்கேயே பத்து மணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தலைமுடிப் பசையால் நெற்றியோரம் வரும் பருவுக்கு மருத்துவ நூல்களில் தனிப் பெயரே இருக்கிறது. சித்தியைச் சம்மதிக்க வைப்பதுதான் இந்த ஆய்விலேயே கடினமான பகுதி. "எண்ணெய் வைக்காம புள்ளைக்கு உடம்பு சூடாயிடும்டி" என்றார். சனிக்கிழமை ராத்திரி எண்ணெய், ஞாயிறு தலைக்குளியல் என்று ஒப்பந்தம் ஆனது. ஹெல்மெட்டின் உள் பஞ்சு கழற்றக்கூடியது என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. துவைத்த தண்ணீர் நிறத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

அடுத்தது சோப்பு. ஒரு நாளைக்கு ஐந்து முறை முகம் கழுவிக்கொண்டிருந்தான். "டி.எஃப்.எம். 76 பார்த்துதான்கா வாங்குறேன்" என்று பெருமை வேறு. அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று சொல்லும், தோலுக்கு எவ்வளவு இதம் என்று சொல்லாது. 76 ஆனாலும் 60 ஆனாலும் சோப்பு சோப்புதான், அதன் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்பு 5க்குப் பக்கம். அதோடு குரோம்பேட்டை போர் தண்ணீர். அந்த வீட்டு வாளியின் உள்பக்கம் வெள்ளைப் பொருக்கு ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகும். குழாய் நுனியில் படிகிற அதே சமாச்சாரம் கன்னத்திலும் படியும். "கழுவினாலும் வழவழன்னு இருக்கு, அதான் மறுபடி கழுவுறேன்" என்று அவன் சொன்னதில் பாதி எண்ணெய், பாதி இந்தப் பிசுக்கு. சோப்பு இல்லாத, பி.எச். 5.5 என்று போட்ட ஃபேஸ்வாஷுக்கு மாற்றினோம். காலை ஒன்று, வீடு திரும்பியதும் ஒன்று. கடைசிக் கழுவலுக்கு ஒரு சொம்பு கேன் தண்ணீர். இது ஆடம்பரம்தான், ஆனால் ஒரு சொம்புதானே.

இங்கே ஒரு வழக்கமான பேச்சை மறுக்க வேண்டியிருக்கிறது. "அதிகம் கழுவினால் தோல் பயந்துபோய் இன்னும் எண்ணெய் சுரக்கும், மாய்ஸ்சரைசர் போட்டால் சுரப்பது குறையும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எண்ணெய்ச் சுரப்பியை ஆட்டி வைப்பது முக்கியமாக ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். மேலே துடைத்தார்களா, பூசினார்களா என்று எட்டிப் பார்த்து அது சுரப்பதில்லை. துடைத்த இடம் சில மணி நேரத்தில் மறுபடி நிரம்பும், அவ்வளவுதான். வெயில் மட்டும் உண்மையிலேயே கணக்கை மாற்றும். தோலின் வெப்பம் 1 டிகிரி ஏறினால் சீபம் வெளிவரும் வேகம் சுமார் 10 சதவீதம் ஏறும் என்று 1970இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் பூந்தமல்லி சாலையில் நிற்பவனுக்கு எந்த டப்பாவும் எண்ணெயை நிறுத்தித் தராது. இதை முதலிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

பிறகு அளவெடுப்பு. 1961இல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள் நெற்றியில் சிகரெட் சுருட்டும் தாளைக் கட்டி வைத்து, ஊறிய எண்ணெயை ஈதரில் பிரித்து எடை போட்டார்கள். இன்றைய கருவியும் ஏறக்குறைய அதே தத்துவம்தான்: தோலில் ஒற்றிய பிளாஸ்டிக் பட்டை எண்ணெயால் எவ்வளவு ஒளிபுகும்படி ஆகிறது என்று ஒளியைச் செலுத்தி அளக்கும். பஜ்ஜி வைத்த பேப்பரில் எழுத்து மறுபக்கம் தெரிகிறதே, அதேதான். எங்களிடம் இருந்தது மெல்லிய டிஷ்யூ தாள். ஒன்பது, பன்னிரண்டு, நான்கு மணிக்கு நெற்றி, மூக்கு, தாடை, கன்னம், வாயோரம் என்று தனித்தனியாக ஒற்றி, பின்னால் நேரம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவான். கேட்காமலே இன்னொரு கருவியும் கிடைத்தது. தினமும் விபூதி பூசுகிறவன். காலையில் வெள்ளை வெளேரென்று இருக்கும் மூன்று பட்டை எந்த மணிக்கு ஈரச் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது என்பதையும் குறித்துக்கொண்டோம். எதுவும் பூசாத முதல் இரண்டு நாள்: வெளி நாளில் பத்தரை மணி, அலுவலக நாளில் பதினொன்றே முக்கால்.

ஆனால் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது பட்டையை விட முக்கியமான ஒன்று தெரிந்தது. நெற்றி, மூக்கு, தாடைத் தாள்கள் கண்ணாடி போல். கன்னத்துத் தாளில் லேசான நிழல். வாயோரத்துத் தாள் ஒற்றியது போலவே இல்லை, நான்கு மணிக்கும். இத்தனை நாளும் ஒரே முகத்துக்கு ஒரே க்ரீம் தேடிக்கொண்டிருந்தான். நடுவில் நன்செய், ஓரத்தில் புன்செய். இரண்டுக்கும் ஒரே மடையைத் திறந்தால் ஒன்று அழுகும், அல்லது மற்றது காயும். அவனுடைய ஐந்து டப்பாவும் மாறி மாறிச் செய்தது இதைத்தான்.

மூன்று வழிகளைப் பரிசோதித்தோம், ஒவ்வொன்றும் ஒரு வாரம். மூன்றிலும் கடைசிப் பூச்சு எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு எண்) 50 சன்ஸ்கிரீன், ஒரே டியூப். அடாபலீன் போடுகிறவனுக்கு அதில் பேரம் இல்லை. பெயர்களை எழுதப் போவதில்லை, பெயரை வைத்துக்கொண்டே உள்ளே சரக்கை மாற்றுவது என் தொழிலில் சகஜம்.

முதல் வாரம், ஈரத்தைப் பிடிக்கும் கிளிசரினும் ஹையலுரானிக் அமிலமும் உள்ள, கார்போமரால் கெட்டியாக்கிய வாட்டர் ஜெல். பூசிய அரை மணி நேரம் அவன் முகத்தில் சந்தோஷம். சன்ஸ்கிரீனை மேலே தேய்த்ததும் அழிரப்பர் தூள்போல உருண்டு உருண்டு வந்தது. கார்போமர் படலம் காய்வதற்குள் அடுத்ததைத் தேய்த்தால் இப்படி ஆகும். பத்து நிமிடம் பொறுத்துப் பூசியபோது உருளவில்லை. ஆனால் வெளி நாளில் வேறு தொல்லை. கார்போமருக்கு உப்பு ஆகாது. வியர்வை பட்டதும் ஜெல் நீர்த்து, சன்ஸ்கிரீனையும் இழுத்துக்கொண்டு கண்ணுக்குள் இறங்கியது. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் கண் எரிய நின்றதாக ஒரு குரல் செய்தி வந்தது, அதில் இருந்த வசவுகளை நீக்கிவிட்டால் மூன்று சொல் மிஞ்சும். அலுவலக நாளில் நான்கு மணிக்கு வாயோரம் மறுபடி இழுத்தது. ஈரத்தைப் பிடிக்கும் சரக்கு மட்டும் போதாது, அதை ஆவியாகாமல் மூடவும் ஏதாவது வேண்டும்.

இரண்டாவது வாரம், ஜெல்-க்ரீம். முதல் ஐந்து பெயருக்குள் கிளிசரின், டைமெத்திகோன், நியாசினமைடு. கொஞ்சம் தள்ளி செராமைடு. டைமெத்திகோன் சிலிகோன் வகை. மூடும், ஆனால் மினுங்காது. "சிலிகோன் துளையை அடைக்கும்" என்று பயமுறுத்துகிறார்கள். டைமெத்திகோன் அடைப்பதாக நம்பும்படி நான் எதையும் பார்த்ததில்லை. அலுவலக நாட்களில் இது அருமை. வாயோரம் உரியவில்லை, எரியவில்லை. வெளி நாட்களில் சன்ஸ்கிரீனோடு சேர்ந்து நெற்றியில் கனத்தது. விபூதி பத்து மணிக்கே கறுத்தது, அதாவது எதுவும் பூசாத நாளைவிட மோசம்.

மூன்றாவது வாரம், சன்ஸ்கிரீன் மட்டும். அதன் பட்டியலைப் படித்தால் அதுவே ஒரு மாய்ஸ்சரைசர்தான்: கிளிசரின் இருக்கிறது, மென்மையாக்கும் எஸ்டர்கள் இருக்கின்றன, மினுக்கத்தை உறிஞ்ச சிலிக்கா இருக்கிறது. வெளி நாளில் மூன்று வாரத்திலும் இதுதான் சிறந்தது. அலுவலக நாளில், முந்தின இரவு அடாபலீன் போட்டிருந்தால், வாயோரம் மாலைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு.

ஆக மூன்றில் ஒன்றும் ஜெயிக்கவில்லை. மூன்றையும் வெட்டி ஒட்டினோம். ஜெல்-க்ரீமின் முக்கிய வேலை ராத்திரிக்குப் போனது: முகம் முழுக்க மெல்லிசாக, அது காய்ந்த பின் அடாபலீன். காலையில் அதே ஜெல்-க்ரீம் உளுந்தளவு மட்டும், வாயோரத்துக்கும் கன்னத்துக்கும். நெற்றி, மூக்கு, தாடைக்கு அது கிடையாது. ஐந்து நிமிடம் கழித்து முகம் முழுக்க சன்ஸ்கிரீன். வெளி நாளில் காலை ஜெல்-க்ரீமையே விட்டுவிடலாம். பன்னிரண்டு மணிக்குக் கழுவுவதற்குப் பதில் டிஷ்யூவால் ஒற்றல். தேய்க்கக் கூடாது, ஒற்றல்தான். பிறகு இன்னொரு முறை சன்ஸ்கிரீன்.

இந்த ஏற்பாட்டில் ஐந்து வாரம் ஓடியது. விபூதி கறுப்பது வெளி நாளில் பதினொன்றேகால், அலுவலக நாளில் ஒரு மணி. அதில் எவ்வளவு க்ரீமால், எவ்வளவு தலை எண்ணெயை நிறுத்தியதால், எவ்வளவு ஜூன் மாத மழையால் என்று பிரிக்க என்னிடம் வழி இல்லை. மழை என் கையில் இல்லை, ஆனால் முதல் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றியது ஆய்வு என்ற முறையில் என் தவறு. பயலின் அவசரம் அப்படி. நெற்றிப் பொரி கிட்டத்தட்ட இல்லை. தாடையில் இன்னும் பரு வருகிறது, ஆனால் அடாபலீனை ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. மருத்துவர் இப்போது அதைத் தினமும் போடச் சொல்லியிருக்கிறார். மூக்கு எப்போதும்போல மினுங்குகிறது. அதைப் பற்றி வாரத்துக்கு ஒரு முறை புகார் வருகிறது, நான் பதில் போடுவதில்லை.

சோதனையில் எங்களுக்குள் சண்டை வந்தது அளவைப் பற்றித்தான். சன்ஸ்கிரீன் பாட்டிலில் எழுதிய எண் கிடைக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். முகத்துக்கு மட்டும் அது சுமார் 1 கிராம்; இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் வரும். அவன் ஆரம்பத்தில் பூசியது பட்டாணி அளவு. அதனால் ஒரு கணக்கு வைத்தோம்: 50 கிராம் டியூப், காலையில் ஒரு முறை, வெளி நாளில் மதியம் இன்னொரு முறை என்றால் ஐந்து வாரத்தில் காலியாக வேண்டும். ஜூன் கடைசியில் சித்தி போன் செய்தார். "என்னடி இது, மாசம் ஒண்ணு வாங்குறான்? அந்த இன்னொரு டப்பா பாதிகூடத் தீரலை, அதையே பூசக் கூடாதா?"